நீல அட்டையோடு கோவாவில் ஐந்து நாள்

வியாழன் இரவு, ஹூப்ளி

காலை நாலு மணிக்குக் கோவையை விட்டுக் கிளம்பினோம். பண்ணாரி சோதனைச் சாவடியில் ஆறு மணிக்குத்தான் கேட்டைத் திறப்பார்கள். இரவில் திம்பம் மலைப்பாதை விலங்குகளுக்கு, பகலில் நமக்கு. காருக்குள் இருந்தபடியே அம்மனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஏறினோம். இருபத்தேழு கொண்டை ஊசி வளைவிலும் என் வீட்டுக்காரர் கூரையை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே ஓட்டினார். மேலே இரண்டு சைக்கிள் கட்டியிருக்கிறது. ஒன்று என்னுடையது, இன்னொன்று அண்ணாவுடையது.

அண்ணா என்றால் கூடப்பிறந்தவர் இல்லை. எங்கள் சைக்கிள் குழுவில் மூத்தவர், ஐம்பத்தாறு வயது, நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த டிரையத்லானில் பழம் தின்று கொட்டை போட்டவர். எனக்கு நாற்பத்து மூன்று. நாற்பது வயதில்தான் தண்ணீரில் முகத்தை வைக்கவே கற்றுக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை கோவாவில் அயர்ன்மேன் 70.3. கடலில் 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், அப்புறம் 21.1 கிலோமீட்டர் ஓட்டம். மூன்றையும் மைலில் கூட்டினால் வருவதுதான் அந்த 70.3. இந்தப் போட்டி கோவாவுக்கு வந்தது 2019இல். அப்போது எனக்கு இப்படி ஒரு விளையாட்டு இருப்பதே தெரியாது.

மைசூரு தாண்டியதும் அண்ணா ஆரம்பித்தார். "அம்மிணி, ரூல் புக் படிச்சாச்சா?"

"பாதி படிச்சேனுங்கண்ணா."

"எந்தப் பாதி?"

படங்கள் இருந்த பாதி. அதைச் சொல்லவில்லை. நாலு மாதமாக நீந்தினேன், மிதித்தேன், ஓடினேன். விதிகளை மட்டும் தேர்வுக்கு முந்தின நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்திருந்தேன். பள்ளிக்கூடப் பழக்கம்.

அண்ணா ஒவ்வொன்றாகக் கேட்க, நான் ஒவ்வொன்றாகத் தப்பாகச் சொன்னேன். நீச்சலில் மூச்சு வாங்கினால் படகைப் பிடிக்கலாமா? கூடாது என்றேன். பிடிக்கலாமாம். பிடித்துக்கொண்டு முன்னேறத்தான் கூடாது. காதில் பாட்டு? கூடாது. இது தெரிந்துதான் இருந்தது, ஆனால் இளையராஜா இல்லாமல் நான் பத்து கிலோமீட்டருக்கு மேல் ஓடியதே இல்லை. ஹெல்மெட்? சைக்கிளைத் தொடுவதற்கு முன்னால் பக்கிள் மாட்டியிருக்க வேண்டும், திரும்பக் கொண்டுவந்து ஸ்டாண்டில் வைத்த பிறகுதான் கழற்ற வேண்டும். "டக்குன்னு சத்தம் கேட்டாத்தான் சைக்கிள் மேல கை வெக்கோணும்" என்றார்.

கடைசியாக டிராஃப்டிங், அதாவது முன்னால் போகிற சைக்கிளை ஒட்டிக்கொண்டே ஓட்டுவது. இந்த இடத்தில்தான் எனக்கு வயிறு கலங்கியது. கோவைப் பக்கம் சைக்கிள் ஓட்டியவர்களுக்குத் தெரியும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எப்படி அடிக்கும் என்று. பொள்ளாச்சி ரோட்டில் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே, முன்னால் போகிறவர் வீலைப் பிடித்துக்கொள் என்பதுதான். அவர் காற்றைக் கிழிப்பார், நாம் அவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு கால் பங்கு உழைப்பையாவது மிச்சம் பிடிக்கலாம். மூன்று வருஷமாக நான் செய்துவந்தது அதுதான். இந்தப் போட்டியில் அதற்குப் பெயர் திருட்டு. ஒலிம்பிக்கில் ஒட்டிக்கொண்டு ஓட்டலாம், 2000 சிட்னியிலிருந்தே அப்படித்தான். எங்களைப் போன்றவர்களுக்கு மட்டும் தனியாகத்தான் ஓட்ட வேண்டுமாம். முன் சக்கரத்துக்கும் முன் சக்கரத்துக்கும் நடுவே பன்னிரண்டு மீட்டர்.

ஹூப்ளியில் லாட்ஜ் வாசலில் அண்ணா பதினாறு எட்டு நடந்து காட்டினார். "இவ்வளவு!" ஏறக்குறைய ஒரு டவுன் பஸ் நீளம். எனக்கு உடனே உக்கடம் பஸ் ஞாபகம் வந்தது. சரி, எனக்கும் முன்னால் போகிறவருக்கும் நடுவில் ஒரு உக்கடம் பஸ் நிற்கிறது என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

வெள்ளி இரவு, பணஜி

தார்வாடில் பேடா வாங்கினோம். ராம்நகர், அன்மோட் மலைப்பாதை, மோலெம், போண்டா. காடு இறங்க இறங்கப் புழுக்கம் ஏறியது. மதியத்துக்குள் பணஜி.

பதிவு செய்யும் இடத்தில் அடையாள அட்டையைக் காட்டி, ஓடும்போது கட்டிக்கொள்ளும் எண், சைக்கிளுக்கும் ஹெல்மெட்டுக்கும் ஒட்டும் எண்கள், நீச்சல் தொப்பி, பைகள் எல்லாம் வாங்கினேன். சுற்றி இருந்தவர்களின் தொடையைப் பார்த்ததும் இங்கே நமக்கு என்ன வேலை என்று தோன்றியது. அப்புறம் என்னைவிடக் குண்டாக ஒரு பெரியவர் சிரித்துக்கொண்டே வரிசையில் நின்றார். மனசு அடங்கியது.

விளக்கக் கூட்டத்தை மட்டும் ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன். விதியை மீறினால் காட்டும் அட்டை மூன்று நிறம். மஞ்சள் வாங்கினால் சின்னத் தண்டனை, கொஞ்ச நேரம் நிறுத்தி வைப்பார்கள். நீலம் டிராஃப்டிங்குக்கு, ஐந்து நிமிஷம். சிவப்பு என்றால் மூட்டையைக் கட்டலாம். மூன்று நீலம் சேர்ந்தாலும் வெளியேதான்.

நான் நினைத்ததைவிட விதி நுணுக்கமானது. பன்னிரண்டு மீட்டருக்குள் நுழையவே கூடாது என்பதல்ல. முந்துவதற்காக நுழையலாம். நுழைந்தால் இருபத்தைந்து வினாடிக்குள் முந்திவிட வேண்டும். முந்தாமல் பின்வாங்கினால் அதுவே குற்றம். யாராவது உன்னை முந்திவிட்டால் நீதான் பின்னால் நகர்ந்து இடம் விட வேண்டும். ரோஷப்பட்டு உடனே திரும்ப முந்தக் கூடாது. முந்தி முடித்ததும் ஓரத்துக்கு வந்துவிட வேண்டும், பாதையை அடைத்துக்கொண்டு போனால் அதற்கும் ஓர் அட்டை. அண்ணாவிடம் உள்ள பழைய அச்சுப் பிரதியில் வலப்பக்கம் ஓட்டு, இடப்பக்கம் முந்து என்று போட்டிருந்தது, அமெரிக்கக் கணக்கு. இங்கே இடப்பக்கம் ஓட்டி வலப்பக்கம் முந்த வேண்டும். இது ஒன்றாவது எனக்குப் பழகியது.

இரவுச் சாப்பாட்டில் அண்ணா கதை சொன்னார். 2019இல் டோக்கியோவில், ஒலிம்பிக்குக்கு முந்தைய சோதனைப் போட்டியில், ஜெஸ் லேர்மன்த், ஜார்ஜியா டெய்லர்-பிரவுன் என்ற இரண்டு பிரிட்டிஷ் பெண்கள் முதலிடத்தில் கையைக் கோத்துக்கொண்டு கோட்டைக் கடந்தார்களாம். வேண்டுமென்றே சமமாக முடிக்கக் கூடாது என்று ஒரு விதி. இரண்டு பேரையும் தகுதி நீக்கிவிட்டு, பின்னால் வந்த புளோரா டஃபிக்கு வெற்றியைக் கொடுத்துவிட்டார்கள்.

"தோழிக கையைப் புடிச்சது ஒரு குத்தமாங்கண்ணா?"

"போட்டின்னா போட்டி போடோணுமல்ல அம்மிணி."

எனக்கு இன்னும் ஒப்பவில்லை.

சனி மாலை

சுருக்கமாக எழுதுகிறேன், எட்டு மணிக்குப் படுக்க வேண்டும்.

காலையில் மீராமார் கடலில் கொஞ்சம் நீந்திப் பார்த்தேன். தண்ணீர் வெதுவெதுப்பு, கலங்கல், கையை நீட்டினால் விரல் தெரியவில்லை. உப்பு மட்டும் நன்றாகத் தெரிந்தது. வெட்சூட் என்கிற ரப்பர் நீச்சல் உடுப்பைத் தண்ணீர் 24.5 டிகிரி வரை இருந்தால்தான் தடையில்லாமல் போடலாம், 28.8க்கு மேல் அறவே கூடாது. என்னிடம் அது இல்லவே இல்லை என்பதால் இந்த விதியில் மட்டும் எனக்குப் பயமில்லை.

மதியம் சைக்கிளை ஒப்படைக்கப் போனபோது சோதித்தவர் பிரேக்கைப் பிடித்துப் பார்த்தார், ஹெல்மெட்டைத் திருப்பிப் பார்த்தார், அப்புறம் ஹேண்டில்பார் நுனியில் விரலை வைத்தார். மூடி இல்லை. கார் கூரையில் வந்தபோது எங்கோ விழுந்திருக்கிறது, தார்வாடோ அன்மோடோ. திறந்த குழாய் நுனி, மோதினால் உடம்பில் குத்திவிடுமாம். மூடாமல் உள்ளே விட முடியாது என்றுவிட்டார். சைக்கிள் கடை தேடலாமா என்று நான் கையைப் பிசைந்துகொண்டிருந்தேன். வீட்டுக்காரர் பேசாமல் எதிரே இருந்த சாப்பாட்டுக் கடைக்குள் போய், ஒயின் பாட்டில் தக்கை ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார். கத்தியால் சீவி அடித்து ஏற்றினோம். சோதித்தவர் இழுத்துப் பார்த்தார், வரவில்லை. "ஓகே" என்று சிரித்தார். எங்கே தொலைத்தாலும் கோவாவில் மருந்து கிடைக்கும் போல.

சைக்கிளை நிறுத்திய இடத்திலிருந்து வெளியே போகும் வழியை நாலு தடவை நடந்து பார்த்தேன். ஏறும் கோடு எங்கே, இறங்கும் கோடு எங்கே. அந்தக் கோட்டைத் தாண்டுவதற்கு முன்னால் சைக்கிளில் ஏறக் கூடாது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஜானதன் பிரவுன்லீ கொஞ்சம் முன்னாடியே ஏறிவிட்டு, பதினைந்து வினாடி தண்டனைப் பெட்டியில் நின்றாராம். அப்படியும் வெண்கலம் வாங்கினார், அது வேறு விஷயம். ஒலிம்பிக்காரருக்கே கோடு தெரியவில்லை என்றால் நாலு தடவை நடப்பது தப்பில்லை.

ஞாயிறு இரவு

உட்கார்ந்தால் எழ முடியவில்லை, எழுந்தால் உட்கார முடியவில்லை. கட்டிலில் சாய்ந்தபடி எழுதுகிறேன்.

நீச்சல் ஐம்பத்து நாலு நிமிஷம். ஒரு மணி பத்து நிமிஷம் வரை விடுவார்கள். இரண்டு தடவை தவளை நீச்சலுக்கு மாறினேன், எந்த நீச்சலும் நீந்தலாம் என்பது விதி. ஒரு தடவை படகைப் பிடித்துக்கொண்டு முப்பது வரை எண்ணினேன். வியாழக்கிழமை கார் பாடம் இல்லையென்றால் பிடித்திருக்கவே மாட்டேன், பயத்தில் தண்ணீரைத்தான் குடித்திருப்பேன். கரையேறினேன். டக். சைக்கிளை எடுத்தேன். கோட்டைத் தாண்டினேன், ஏறினேன்.

ஒரே சாலையில் திரும்பத் திரும்பச் சுற்ற வேண்டும் என்பதால் கூட்டம். சமதளத்தில் உக்கடம் பஸ் ஒழுங்காக நடுவில் நின்றது. நன்றாகத்தான் ஓட்டினேன். தனியாக ஓட்டுவது வேறு மாதிரி இருக்கிறது. முதுகுக்குப் பின்னால் ஒளிய ஆளில்லாமல் காற்று நேரே நெஞ்சில் வந்து கேட்கிறது, நீ எவ்வளவு என்று. பொள்ளாச்சி ரோட்டில் நான் இருபத்தெட்டு இருபத்தொன்பதில் போவேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இங்கே என் வேகம் இருபத்து நாலு. மீதி யாருடைய காற்று என்று இப்போது தெரிந்தது.

ஏற்றம் வந்தால் எல்லாரும் நெருக்கிக்கொள்கிறார்கள். பஸ் அரை பஸ் ஆகிறது, ஆட்டோ ஆகிறது. முன்னால் சிவப்பு உடுப்பில் ஒருவர் திணறிக்கொண்டிருந்தார். முந்திவிடலாம் என்று நுழைந்தேன். அவர் பின் சக்கரம் வரை போனேன், இடுப்பு வரை போனேன், அங்கே என் மூச்சு நின்றுவிட்டது. அவருக்கு ரோஷம் வந்ததோ என்னவோ, ஒரு மிதி மிதித்தார். நான் மெதுவாகப் பின்னால் வந்து, அவர் சக்கரத்துக்குப் பின்னால் சொகுசாக உட்கார்ந்துவிட்டேன். யோசித்துச் செய்ததில்லை. மூன்று வருஷத்துக் கால் பழக்கம், கால் தானாகச் செய்தது.

பக்கத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. பின்னால் உட்கார்ந்திருந்தவர் என் எண்ணைச் சொல்லி ஏதோ கத்தினார். உற்சாகப்படுத்துகிறார் என்று நினைத்து நான் சிரித்துக் கையாட்டினேன். "தேங்க் யூ!" என்றேன். அப்போதுதான் அவர் கையில் நீலமாக ஏதோ இருப்பது தெரிந்தது.

அப்புறம் ஆறேழு கிலோமீட்டர் மனசுக்குள் வழக்காடினேன். ஏற்றத்தில் யாருக்கு இருபத்தைந்து வினாடி போதும்? அந்த ஆள் வேகத்தைக் கூட்டினால் நான் என்ன செய்வேன்? முன்னால் நாலு பேர் கொத்தாகப் போகிறார்களே, அவர்கள் கண்ணில் படவில்லையா? எல்லாம் நியாயமாகவே பட்டது. முந்தாமல் பின்வாங்கினால் குற்றம் என்று வெள்ளிக்கிழமை நானே இங்கே எழுதி வைத்திருக்கிறேன் என்பதும் ஞாபகம் வந்தது.

இதில் விசித்திரம் என்னவென்றால், யாரும் நம்மைப் பிடித்துக்கொண்டு போவதில்லை. அட்டையைக் காட்டுகிறார்கள், எண்ணைக் குறித்துக்கொள்கிறார்கள், போய்விடுகிறார்கள். அடுத்து வரும் தண்டனைக் கூடாரத்தில் நாமே நிறுத்தி, நாமே இறங்கி, எனக்கு ஒரு நீலம் என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் தாண்டிப் போனால் போட்டியிலிருந்தே நீக்கிவிடுவார்கள். கடன் வாங்கினவன் தானே வட்டிக்கடைக்கு நடந்து போகிற மாதிரி.

கூடாரத்தில் காலேஜ் படிக்கிற வயசுப் பெண் ஒருத்தி ஸ்டாப்வாட்சோடு இருந்தாள். எண்ணைக் கேட்டு எழுதிக்கொண்டு ஒரு அழுத்து அழுத்தினாள். சைக்கிளைப் பிடித்தபடி நிற்க வேண்டும். சைக்கிளில் இருக்கும் தண்ணீரைக் குடிக்கலாம், பாத்ரூம் போனால் கடிகாரம் நின்றுவிடும். எனக்கு முன்னால் ஒரு புனே பையன் நின்றிருந்தான், இந்தியில் புலம்பிக்கொண்டிருந்தான். இவ்வளவு விலை சைக்கிள் வாங்கியது ஐந்து நிமிஷம் நிற்பதற்கா என்றான். உங்களுக்கு எதுக்கு ஆன்ட்டி அட்டை என்று கேட்டான். இதற்குத்தான் என்று அவன் சக்கரத்துக்குப் பின்னால் ஒட்டி நின்று காட்டினேன். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஐந்து நிமிஷம் எவ்வளவு நீளம் என்று வீட்டில் பால் காய்ச்சும்போதுகூட இவ்வளவு தெரிந்ததில்லை. நான் மூச்சைத் தின்று முந்திவந்த ஒவ்வொருவராகக் கூடாரத்தைத் தாண்டிப் போனார்கள். அந்தப் பெரியவர், வெள்ளிக்கிழமை வரிசையில் பார்த்தவர், ஒழுங்காக ஒரு பஸ் இடைவெளி விட்டு, யாரையும் பார்க்காமல் போனார். சிவப்பு உடுப்புக்காரரும் சேர்ந்தே போயிருப்பார். மூன்று நிமிஷம் ஆனபோது கோபம் போய்விட்டது. நாலாவது நிமிஷத்தில் கால் வலி குறைந்திருப்பது தெரிந்தது. இது தண்டனையா ஓய்வா என்று சந்தேகமே வந்துவிட்டது. "ஆன்ட்டி, கோ!" என்றாள். அதற்குமேல் இறங்கும் கோடு வரைக்கும் ஒருவர் முதுகையும் நான் நெருங்கவில்லை.

ஓட்டம் ஆரம்பிக்கும்போது வெயில் உச்சியில். அதைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஐஸ் தண்ணீர் கொடுத்த இடங்களையெல்லாம் கோயில் மாதிரி கும்பிட்டேன். இளையராஜா இல்லாததால் என் செருமலையே கேட்டுக்கொண்டு ஓடினேன்.

பதினாலாவது கிலோமீட்டர் பக்கம் என் வீட்டுக்காரர் நின்றிருந்தார். கையில் ஒரு சொம்பு. எங்கிருந்து சொம்பு கிடைத்தது என்று தெரியவில்லை. இஞ்சி, கருவேப்பிலை தட்டிப்போட்டு நீர் மோர். வாசனை எட்டிவிட்டது. என் நாக்கு அண்ணத்தில் ஒட்டியிருந்தது.

"ஒரு வாய் குடிச்சுட்டுப் போ."

"தள்ளிப் போங்க! வெளியாள்கிட்ட வாங்கக் கூடாது!"

"நான் வெளியாளா?"

என்ன பதில் சொல்வது? அவர் என்கூடவே ஓடி வந்தார், சொம்போடு. கூட ஓடுவதும் தப்பு. கையெடுத்துக் கும்பிட்டேன். நின்றுவிட்டார். திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் குடித்திருப்பேன். கொஞ்ச தூரத்தில் தொடையில் சதை இழுத்துக்கொண்டு நொண்டினேன். எனக்குப் பின்னால் வந்த பெண், முகம்கூடச் சரியாகப் பார்க்கவில்லை, தன் பையிலிருந்து ஒரு உப்பு மாத்திரையை எடுத்து நீட்டிவிட்டு ஓடினாள். அதை வாங்கலாம். கூடப் போட்டியிடுகிறவர் கொடுத்தால் குற்றமில்லை. இருபது வருஷம் கூட வாழ்ந்தவர் கையால் மோர் ஆகாது, பேர் தெரியாதவள் கையால் மாத்திரை ஆகும்.

மொத்தம் எட்டு மணி நேரம் ஏழு நிமிஷத்தில் முடித்தேன். எட்டரை மணி நேரம் ஆனால் கடை சாத்திவிடுவார்கள். அண்ணா எப்போதோ முடித்து, குளித்து, வேட்டி மாற்றிக்கொண்டு நின்றிருந்தார். மெடலை அப்புறம் பார்த்தார், "நீலம் வாங்கினியாமா?" என்றுதான் முதலில் கேட்டார். செய்தி அதற்குள் வந்துவிட்டது.

சொம்பு காலி. அவரே குடித்துவிட்டாராம்.

திங்கள், திரும்பும் வழி

அன்மோட் ஏறும்வரை காரில் யாரும் பேசவில்லை. வீட்டுக்காரருக்கு மோர் விஷயம் இன்னும் ஆறவில்லை. அண்ணாதான் சமாதானத்துக்கு வழி தேடி ஒரு கதையை எடுத்தார். 1978இல் ஹவாயில் முதல் அயர்ன்மேன் நடந்தபோது கிளம்பியதே பதினைந்து பேர், முடித்தது பன்னிரண்டு பேர். அப்போது தண்ணீர் கொடுக்கக்கூட ஆள் கிடையாது, ஒவ்வொருவரும் தன் ஆட்களைத் தானே கூட்டிவர வேண்டும். ஜான் டன்பார் என்பவரின் ஆட்களிடம் தண்ணீர் தீர்ந்துபோய், ஓடிக்கொண்டிருந்தவருக்கு பீரைக் கொடுத்தார்களாம். அப்படியும் இரண்டாவதாக வந்தார். ஜெயித்தவர் கார்டன் ஹாலர்.

"பார்த்தியா" என்றார் வீட்டுக்காரர். "அப்பல்லாம் புருஷன் சொம்போட நிக்கலாம்."

ஹூப்ளியில் சாப்பிட்டுவிட்டு அண்ணா ஓட்ட, வீட்டுக்காரர் முன் சீட்டில் என் விதிப் புத்தகத்தை எடுத்துவைத்துக்கொண்டார். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வங்கிப் பத்திரம் படிக்கிற மாதிரி வரி வரியாக. நான் பின்னால் கால் நீட்டிப் படுத்திருந்தேன். அரை மணி நேரம் கழித்துக் கேட்டார்.

"அண்ணா, அந்தத் தண்ணி குடுக்கற இடத்துல நிக்கறவங்க, அவங்க சம்பளத்துக்கு வந்தவங்களா?"

"இல்லீங்க. தன்னார்வலருங்க. பேரு குடுத்தா யாரு வேணும்னாலும் நிக்கலாமுங்க."

"அப்ப அடுத்த வருஷம் நான் அங்க நின்னா, இவ என் கையால வாங்கிக் குடிக்கலாம்?"

"குடிக்கலாமுங்க. ஆனா அங்க இருக்கறதத்தான் குடுக்க முடியும். அதும் வர்றவங்க எல்லாத்துக்கும் குடுக்கோணும்."

அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்.

"மொத்தம் எத்தனை பேரு ஓடுவாங்க? அத்தனை பேருக்கும் மோர் கலக்கணும்னா எத்தனை லிட்டர் தயிர் ஆகும்?"